கதைக்கு எதற்குக் கேள்வித்தாள்?

கே: என் பையன் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. நல்ல புத்தகங்களின் பட்டியல் அனுப்பவும். (திருப்பூரிலிருந்து ஓர் அப்பா)

ப: பையனுக்கு என்ன வயது? கிரிக்கெட் பிடிக்குமா, நாய்க்குட்டி பிடிக்குமா? ஒன்றும் எழுதவில்லை. போன மாதமும் இப்படி ஐந்தாறு கடிதங்கள். அளவு சொல்லாமல் சட்டை தைக்கக் கொடுத்தால் டெய்லர் என்ன செய்வார்? விவரம் எழுதுங்கள். அதுவரை கடைக்குக் கூட்டிப்போய் அவனையே எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

கே: நான்காம் வகுப்பு மகள் காமிக்ஸ் மட்டும்தான் படிக்கிறாள்.

ப: படிக்கட்டும். முத்து காமிக்ஸைக் கணக்கு நோட்டுக்குள் ஒளித்துப் படித்தவள்தான் நானும்.

கே: ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பு. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான்.

ப: வீட்டில் அவன் காதில் விழுவது ‘வந்தாங்க’. புத்தகத்தில் இருப்பது ‘வந்தார்கள்’. எழுத்துத் தமிழ் அவனுக்குப் பாதி வேற்றுமொழி மாதிரி; முதலில் காதில் விழ வேண்டும். ராத்திரி பத்து நிமிடம் நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், அவன் கண் வரிமேல் ஓடட்டும். வகுப்புக்குக் கீழே இருக்கும் புத்தகமாக எடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை பிரித்து இலவசமாகவே கிடைக்கின்றன. தப்பாகப் படித்தால் பொருள் கெடும் இடத்தில் மட்டும் திருத்துங்கள்.

கே: ஒவ்வொரு கதைக்கும் சுருக்கமும் நீதியும் எழுத ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். இப்போது புத்தகம் என்றாலே ஓடி ஒளிகிறான்.

ப: ஒளியாமல் என்ன செய்வான்? முதலில் அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். எத்தனை முறை எழுதியிருப்பேன்: படித்து முடித்த பிள்ளையிடம் கேள்வி கேட்காதீர்கள். நீங்கள் சீரியல் பார்த்து முடித்ததும் மாமியார் வந்து, “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய், பத்து வரியில் எழுது” என்றால் மறுநாள் டிவி பக்கம் போவீர்களா?

பள்ளி நூலகத்தில் கிட்டத்தட்ட முப்பது வருஷம் இருந்தேன். ஒரு வருஷம், சுருக்கம் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த புத்தகம் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. அந்த மாதமே பிள்ளைகள் ஒல்லியான புத்தகமாகத் தேட ஆரம்பித்தார்கள். பின்னட்டையைப் பார்த்து எழுதிய சுருக்கங்கள் கட்டுக் கட்டாகச் சேர்ந்தன. புத்தகம் எடுப்பதோ பாதியாகிவிட்டது. யாருக்கு என்ன லாபம்? இந்த நீதி பிழிகிற பழக்கமும் எனக்குப் புரிவதில்லை. என் பாட்டி நரிக் கதை சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டபடி தூங்கப் போய்விடுவாள். நரியைப் பற்றி நாங்கள்தான் இருட்டில் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

பேசியே ஆகவேண்டும் என்றால், கதையில் உங்களுக்குப் பிடித்த இடத்தை நீங்கள் சொல்லுங்கள். “அது ஒண்ணும் நல்லால்ல” என்று அவன் மறுத்தால், சரி, கதை உள்ளே போயிருக்கிறது.

கே: ஒரே புத்தகத்தை ஏழெட்டு முறை படிக்கிறாள். தடுக்கலாமா?

ப: கூடாது. தெரிந்த கதையில்தான் கண் வேகம் பிடிக்கும்.

கே: புத்தகங்கள் விலை கட்டுப்படியாகவில்லை.

ப: வீட்டுக்குச் சொத்து வரி கட்டுகிறீர்களா? அதோடு ரூபாய்க்குப் பத்து பைசா வீதம் நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். கட்டியும் நூலகப் பக்கம் எட்டிப் பார்க்காமல் விலையைக் குறை சொன்னால் எப்படி? கிளை நூலகத்தில் உறுப்பினராக ஒரு சினிமா டிக்கெட் அளவுகூடச் செலவில்லை. சென்னை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை என்றால் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. போனால் அவசரப்படுத்தாமல் உட்காரவிடுங்கள். என்ன படித்தாய் என்று திரும்பும் வழியில் கேட்காதீர்கள்.

கே: மொபைலை எப்படிப் பிடுங்குவது?

ப: இதை நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு மொபைலில் தட்டி அனுப்பியிருக்கிறீர்கள். பிடுங்க வேண்டாம். எட்டரையிலிருந்து ஒன்பது வரை வீட்டில் இருக்கிற எல்லா மொபைலும் சமையலறை அலமாரிக்குப் போகட்டும், உங்களுடையது முதலில்.