பரிசுக்குப் பதிலாக நன்கொடை: பெறுபவர் மனம் கோணாமல் செய்வது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பண்டிகைக் காலம் வந்தால் உறவினர், நண்பர், உடன் பணிபுரிவோர் என்று பலருக்கும் பரிசு வாங்குகிறேன். அவற்றில் பல பிரிக்கப்படாமலேயே அலமாரியில் கிடக்கின்றன. இந்த ஆண்டு அந்தத் தொகையை அவரவர் பெயரில் ஏதேனும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அவர்கள் வருத்தப்படுவார்களா? எந்த நிறுவனத்தை நம்பிக் கொடுப்பது?"

தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்களுடைய இரண்டு கேள்விகளில் முதலாவதுதான் கடினமானது. பலரும் இரண்டாவதைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள்.

பரிசுகள் வீணாகின்றன என்ற உங்கள் கவலை நியாயமானதே. பொருளியல் அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு வந்த பண்டிகைப் பரிசுகளின் மதிப்பைக் கல்லூரி மாணவர்களிடமே கேட்டு, அதை அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பரிசுகளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கைமாறும்போதே காணாமல் போகிறது என்பது அவர் கண்ட முடிவு. அன்பின் அடையாளமாகப் பரிசுக்கு உள்ள மதிப்பை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் பரிசளிப்பதே வீண் என்று இந்த ஆய்வைக் கொண்டு முடிவுகட்ட இயலாது.

கொடுப்பதில் மகிழ்ச்சி இருக்கிறது என்பதும் உண்மையே. உளவியலாளர் எலிசபெத் டன்னும் அவருடைய சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குக் காலையில் ஓர் உறையில் பணம் கொடுத்து, அன்று மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். தமக்கென்று செலவிட்டவர்களைவிட, பிறருக்குப் பரிசு வாங்கியோ நன்கொடை அளித்தோ செலவிட்டவர்கள் அன்று மாலை அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். ஆனால் அந்த மகிழ்ச்சி கொடுப்பவருடையது என்பதைக் கவனியுங்கள். பெறுபவரின் மனநிலையை ஆராய்ந்த லிசா கவனாவும் அவருடைய சகாக்களும் 2015-இல் வேறொன்றைக் கண்டார்கள்: நன்கொடை போன்ற சமூக நலப் பரிசுகளைப் பெறுபவர் எவ்வளவு விரும்புவார் என்பதைக் கொடுப்பவர்கள் மிகையாக மதிப்பிடுகிறார்கள், அதிலும் நெருக்கம் குறைந்த உறவுகளில்தான் இந்தக் கணிப்பு பெரிதும் தவறுகிறது. உடன் பணிபுரியும் ஒருவருக்கு எதுவும் கேட்காமல் அவர் பெயரில் நன்கொடை கொடுத்து, கையில் ஓர் அட்டையை மட்டும் நீட்டினால், அவர் மரியாதைக்காகப் புன்னகைப்பாரே தவிர, தமக்கு எதுவும் கிடைத்ததாக உணர மாட்டார்.

ஆகவே என் ஆலோசனை இதுதான்: நன்கொடை எங்கே போகிறது என்பதில் பெறுபவருக்குப் பங்கு இருக்க வேண்டும். அது இல்லையென்றால், அது உங்களுடைய தருமம். அவருடைய பெயர் அதில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு அல்லது மூன்று நிறுவனங்களைச் சொல்லி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். நிறுவனத்தைப் பெறுபவரே தேர்ந்தெடுக்கும் வகையில் அமைந்த நன்கொடைப் பரிசு அட்டைகளும் கிடைக்கின்றன. குடும்பத்தில் என்றால், பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பே பேசி, இந்த முறை ஒருவருக்கொருவர் பொருள் வாங்காமல் எல்லோரும் சேர்ந்து ஒரு தொகை தருவோம் என்று முடிவுசெய்வது எல்லாவற்றிலும் நல்லது. கடைசி நேரத்தில் அறிவித்தால், உங்களுக்கென்று ஏற்கெனவே பரிசு வாங்கி வைத்திருப்பவர் சங்கடப்படுவார்.

யாரிடமும் கேட்காமல் கொடுப்பதாக இருந்தால், அவருடைய வாழ்க்கையிலிருந்தே காரணத்தை எடுங்கள். பணி ஓய்வுக்குப் பின் சிறுவர்களுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் ஒரு பெரியவருக்கு, "நீங்கள் செய்யும் அதே பணியைச் செய்கிற ஒரு நிறுவனத்துக்கு உங்கள் பெயரில் நன்கொடை அனுப்பியிருக்கிறேன், இது அங்கே கதைப் புத்தகங்கள் வாங்கப் பயன்படும்" என்று கைப்பட எழுதிக் கொடுத்தால், உங்களுடைய கவனம் அவருக்குப் புரியும். தொகையைக் குறிப்பிட வேண்டாம். சமயமோ அரசியலோ கலந்த நிறுவனங்களைத் தவிர்த்துவிடுங்கள். உறவினர் ஒருவரை நோய்க்குப் பறிகொடுத்தவருக்கு அந்த நோய் தொடர்பான அமைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கட்டாயம் கேட்டுவிடுங்கள். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு ஆறாத காயம்.

சிறு குழந்தைகளுக்கு இதைச் செய்யாதீர்கள். அவர்களுக்கான பரிசைக் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு சிறு தொகையை எங்கே கொடுக்கலாம் என்று அவர்களையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். பணத்துக்குச் சிரமப்படும் உறவினர் இருந்தால், அவர் பெயரில் வேறெங்கோ உதவுவதைவிட அவருக்குத் தேவையானதை அவருக்கே கொடுப்பதுதான் முறை.

இனி, எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு வருவோம். நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தொண்டு நிறுவனங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டித் தரும் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் உள்ளிட்ட மூன்று அமெரிக்க அமைப்புகள், அந்தச் சதவீதம் ஒரு நிறுவனத்தின் தரத்தைக் காட்டும் சரியான அளவுகோல் அல்ல என்று 2013-இல் பகிரங்கக் கடிதமே எழுதின. நல்ல கணக்காளரையும் பயிற்சி பெற்ற பணியாளரையும் அமர்த்தச் செலவு ஆகத்தான் செய்யும். முறையான பதிவு இருக்கிறதா, தணிக்கை செய்யப்பட்ட கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறார்களா, என்ன செய்தோம் என்பதோடு என்ன பலன் விளைந்தது என்பதையும் சொல்கிறார்களா என்று பாருங்கள். செலவுக்கேற்ற பலனை ஆராய்ந்து நிறுவனங்களைப் பரிந்துரைக்கும் கிவ்வெல் என்ற அமைப்பு 2007 முதல் இயங்கிவருகிறது. மலேரியாவைத் தடுக்கும் கொசுவலை வழங்குவோரை அது நெடுங்காலமாகப் பரிந்துரைக்கிறது.

ஆடு, கோழி போன்றவற்றை ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பரிசளிப்பதாகச் சொல்லும் தொண்டு நிறுவனப் பட்டியல்களைப் பார்த்திருப்பீர்கள். 1944-இல் தொடங்கிய ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம் இவ்வகையில் பெயர் பெற்றது. பெரும்பாலும் உங்கள் பணம் குறிப்பிட்ட அந்த ஆட்டுக்கே போவதில்லை. அமைப்பின் மொத்தப் பணிக்கும் சேர்கிறது. இதை அவர்கள் சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். இதில் தவறேதும் இல்லை. தேவை எங்கே அதிகமோ அங்கே செலவிட இது உதவுகிறது. ஆனால் "உங்கள் பெயரில் ஓர் ஆடு வாங்கியிருக்கிறேன்" என்று அட்டையில் உறுதிகூறுவதற்கு முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

வரிச்சலுகை பொதுவாகப் பணம் செலுத்தியவருக்கே உரியது என்பதால் ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள். சலுகை உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆண்டிறுதியில் நிறுவனங்களுக்கு வேலை குவியும், எனவே வாழ்த்து அட்டை பண்டிகைக்குள் வேண்டுமானால் முன்கூட்டியே பணம் அனுப்பிவிடுங்கள். பெறுபவரின் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் படிவத்தில் நிரப்பாமல், அட்டையை உங்கள் முகவரிக்கே வரவழைத்து நேரில் கொடுங்கள். இல்லையென்றால், அவர் கேட்காத நன்கொடை வேண்டுகோள்கள் ஆண்டு முழுவதும் அவருக்கு வந்துகொண்டிருக்கும்.