டவரே வராத ஊருக்கு அலைக்கற்றை ஏலத்துல என்ன பங்கு?

கேள்வி: அலைக்கற்றை ஏலத்துல லட்சம் கோடிக்கு மேல வந்துச்சுன்னு நியூஸ்ல சொல்றாங்க, இங்க பிள்ளைங்க ஒரு ஆன்லைன் ஃபாரம் போடணும்னாகூட மேட்டுக்கு ஏறி சிக்னல் தேடுது. அந்த ஏலத்துக்கும் எங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?
– வாசகி, கொல்லிமலை

பதில்: நிறையவே இருக்கும்மா. ஏலத்துல விக்கிறதே ஃபோன் சிக்னல் போற அலைவரிசைங்கதான். 700 மெகாஹெர்ட்ஸ்னு ஒரு அலைவரிசை இருக்கு, அது ரொம்ப தூரம் போகும், மரம் சுவர் எல்லாம் தாண்டி வீட்டுக்குள்ள வரும், கம்மி டவர்லயே நிறைய இடத்துக்கு சிக்னல் கொடுக்கலாம், அதாவது உங்க மாதிரி வீடுங்க தள்ளித்தள்ளி இருக்கிற ஊருக்குன்னே அமைஞ்ச மாதிரி. 2016ல அத ஏலம் விட்டப்போ ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அடிப்படை விலை 11,485 கோடி, ஒருத்தரும் வாங்கல. 2021ல 6,568 கோடின்னு குறைச்சாங்க, அப்பவும் போகல. 2022ல 3,927 கோடிக்கு இறக்கின பிறகுதான் ஜியோ 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்துச்சு. நடுவுல ஆறு வருஷம் போச்சு பாருங்க, நல்லா விளையுற நிலத்த விலை படியலன்னு தரிசா போட்டு வச்ச மாதிரி. கொரோனா வந்து பள்ளிக்கூடமே ஃபோனுக்குள்ள போன காலமும் இந்த ஆறு வருஷத்துலதான் வருது, அத நெனச்சா எனக்கு இன்னிக்கும் ஆத்திரம் வரும்.

ஜெர்மனியில 2010லயே 800 மெகாஹெர்ட்ஸ் ஏலம் விட்டாங்க, ஆனா கூடவே ஒரு கண்டிஷன். 5,000 பேருக்கு கம்மியா இருக்கிற, பிராட்பேண்ட் இல்லாத ஊர்களுக்கு முதல்ல கொடு, மாநிலத்துல அந்த ஊர்கள்ல 90 சதவீத மக்களுக்கு கிடைச்ச பிறகுதான் அடுத்த அளவு ஊர், பெரிய நகரம் எல்லாம் கடைசி. கம்பெனிங்க அதுக்கு ஒத்துக்கிட்டுதான் காசு கட்டுச்சு, ரெண்டு மூணு வருஷத்துல முடிச்சும் காட்டுச்சு. நம்ம ஏலத்துலயும் இத்தன வருஷத்துக்குள்ள சேவை கொடுக்கணும்னு விதி உண்டு, ஆனா கிராமம் முதல்ல நகரம் அப்புறம்ங்கிற அந்த வரிசை கிடையாது. எவ்ளோ கோடி வந்துச்சுன்னு மட்டும் பாக்காம, எத்தன ஊருக்கு சிக்னல் போச்சுன்னும் கேக்கணும்ங்கிறதுதான் என் கட்சி.

கேள்வி: அப்போ லாபம் வராத ஊருக்கு யார்தான் டவர் போடுவாங்க?
– வாசகர், தேனி

பதில்: அதுக்குன்னே காசு இருக்கு சார். டெலிகாம் கம்பெனிங்க வருமானத்துல 5 சதவீதம் ஒரு நிதிக்கு கட்டுது, 2023 சட்டத்துக்கு அப்புறம் அதுக்கு டிஜிட்டல் பாரத் நிதின்னு பேரு. 2022ல சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி திட்டம் ஒன்னு ஒப்புதல் ஆச்சு, பிஎஸ்என்எல் மூலமா இந்த நிதியிலதான் நடக்குது. அலைக்கற்றை மட்டும் இருந்தா பத்தாது, டவர் வரைக்கும் நெட்ட கொண்டுவர ஃபைபர் கேபிளோ, கேபிள் இல்லாம டவருக்கு டவர் கடத்துற நல்ல மைக்ரோவேவ் லிங்க்கோ வந்தாகணும், இல்லன்னா ஃபோன்ல கட்டை ஃபுல்லா காட்டும், நெட் நகராது.

கேள்வி: லைசென்ஸ் இல்லாம ஊரே சேர்ந்து வைஃபை போட முடியுமா?
– கல்லூரி மாணவர், தர்மபுரி

பதில்: முடியும்பா. 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005லயும், 5 கிகாஹெர்ட்ஸ்ல பெரும்பகுதி 2018லயும் லைசென்ஸ் தேவையில்லன்னு திறந்து விட்டாங்க, நம்ம வீட்டு வைஃபை எல்லாம் அதுலதான் ஓடுது. 2020 டிசம்பர்ல பிஎம்-வாணிங்கிற மத்திய அரசோட பொது வைஃபை திட்டம் வந்த பிறகு டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் ஃபீஸ் இல்லாம பொது வைஃபை வச்சு காசு வாங்கலாம். ஐஐடி பாம்பே ஆளுங்க பால்கர் பக்கம் கிராமங்கள்ல, டிவிக்கு ஒதுக்கி சும்மா கிடந்த அலைவரிசையில நெட்ட கொண்டுபோய் அங்கருந்து வைஃபையா கொடுத்து சோதிச்சாங்க. அந்த காலி அலைவரிசைய இதே மாதிரி எல்லாருக்கும் திறந்து விடணும்னு நான் ரொம்ப நாளா எழுதுறேன். நீங்க முதல்ல பஞ்சாயத்து ஆபீஸ்ல டான்ஃபிநெட் ஃபைபர், அதாவது பஞ்சாயத்துகளுக்கு தமிழ்நாடு அரசு நிறுவனம் போடுற நெட் கேபிள், வந்துடுச்சா, வேலை செய்யுதான்னு கேளுங்க, அடுத்த கிராம சபையில அத தீர்மானமாவே போட்டு கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்புங்க.