பால் கொடுக்கும் அம்மாக்கள் கேட்டவை

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளிலும், ஹட்டிகள் என்னும் படுகர் ஊர்களிலும் 30 வருடம் கிராம சுகாதார செவிலியராக நடந்தவள் நான். தடுப்பூசிக்கு வரும் அம்மாக்கள் குழந்தையைப் பற்றி ஆயிரம் கேட்பார்கள், தங்களைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "சிஸ்டர், இன்னொண்ணு..." என்று இழுப்பார்கள். பெரும்பாலும் அதைக் கேட்கத்தான் வந்திருப்பார்கள். இந்த முறை அந்த "இன்னொண்ணை" மட்டும் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள்.

குழந்தைக்கு 4 மாதம். இன்னும் தூரம் (மாதவிடாய்) வரவில்லை. "பால் குடிக்கிற பிள்ளை இருந்தா வயித்துல நிக்காது" என்கிறார் மாமியார். நம்பலாமா? அடுத்த வாரம் கொழுந்து பறிக்கத் திரும்பப் போகிறேன். (குன்னூர்)

மாமியார் சொல்வது உண்மைதான் கண்ணு. ஆனால் மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து இருக்க வேண்டும். தூரம் திரும்பியிருக்கக் கூடாது. குழந்தை 6 மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் 100 பேரில் கருத்தரிப்பவர்கள் 2 பேருக்கும் குறைவு. 1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள் வந்த முடிவு இது.

குழந்தை சப்பும் ஒவ்வொரு முறையும் காம்பிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. மூளை புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது, பால் உண்டாகிறது. அதே செய்தி, கருமுட்டையை முதிர வைக்கும் ஹார்மோன்களை அடக்கியும் வைக்கிறது. அதனால் எவ்வளவு பால் சுரக்கிறது என்பதைவிட எத்தனை தடவை சப்புகிறது என்பதுதான் கணக்கு. பகலில் 4 மணி நேரத்துக்கு மேல், இரவில் 6 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது.

உங்களுக்குச் சிக்கல் இங்கேதான். காலையில் கூடையைத் தூக்கினால் மதியம் எடை போடும்வரை மேட்டை விட்டு இறங்க முடியாது. பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம், குழந்தைக்கு அது நல்லது. ஆனால் கை பீய்ச்சுவது குழந்தை சப்புவதற்கு ஈடாகாது, கருத்தடைக் கணக்கில் அதை நம்ப வேண்டாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டம் கொடுத்திருக்கும் உரிமை. கிரெச் (பிள்ளைக் காப்பகம்) பக்கத்தில் இருந்தால் கங்காணியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அது கிடைக்கவில்லை என்றால், வேலைக்குப் போகும் முன்பே வேறு கருத்தடை முறைக்கு மாறிவிடுங்கள்.

எனக்கு 8 மாதக் குழந்தை. தூரம் வந்தால்தானே கரு தங்கும், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். (கூடலூர்)

வேண்டாம். முதல் தூரத்துக்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். நடுவில் ஒரு முறைகூடத் தூரம் வராமல் அடுத்த பிள்ளையைச் சுமந்த அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். காப்பர்-டி போடலாம். 3 மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியும், ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். சாயாவை முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று என்று எடுக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த சாதாரணக் கருத்தடை மாத்திரை பாலைக் குறைக்கலாம். அதை மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

சொல்லவே பயமாக இருக்கிறது. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம், பால் இறங்குவதற்குச் சற்று முன், திடீரென்று நெஞ்சு காலியாகி அழுகை வருகிறது. இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது. என் பிள்ளை மேல் எனக்குப் பாசம் இல்லையா? (கோத்தகிரி)

பாசம் இருப்பதால்தானே தாயி பயப்படுகிறீர்கள். பல வருடத்துக்கு முன் ஒரு லைன் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். வெளியே நல்ல பனி. அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பெண் குழந்தையை மடியில் எடுத்தாள். குழந்தை நாலு தடவை சப்பியிருக்கும், அவள் முகம் விளக்கை அணைத்த மாதிரி ஆனது. குழந்தையைப் பார்க்காமல் சுவரையே பார்த்தாள். அப்புறம் குழந்தை மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது, அவள் தோள் தளர்ந்தது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் காபி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு அதன் பெயர் தெரியாது. "சத்து இல்லாததால் இருக்கும்" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு வந்தேன். இன்று வரை மனதை அறுக்கிறது.

இதற்கு டி-மெர் (D-MER) என்று பெயர். புரோலாக்டின் ஏற வேண்டுமானால் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் இறங்க வேண்டும். சிலருக்கு அந்த இறக்கம் மனதையும் சேர்த்து இழுத்துவிடுகிறது என்று கருதுகிறார்கள். இது உடம்பின் அனிச்சைச் செயல், உங்கள் எண்ணம் இல்லை. பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது. அந்த இரண்டு நிமிடம் யாராவது பக்கத்தில் உட்காரட்டும், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சோகம் நாள் முழுக்க நீண்டாலோ, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தாலோ அது வேறு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

மனைவிக்குப் பிரசவமாகி 5 வாரம். சரியாகத் தூங்குவதில்லை, குழந்தை தூங்கும்போதும் விழித்தே இருக்கிறாள். "இது எல்லாருக்கும் வர்றதுதான்" என்கிறார் என் அம்மா. (ஊட்டி)

கேட்டதற்கு நன்றி தம்பி. கணவன்மார் கேட்பது அபூர்வம். பிரசவமான 3-ஆம், 4-ஆம் நாளில் வரும் அழுகை பெரும்பாலானவர்களுக்கு வருவதுதான், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். 5 வாரம் என்பது அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது. குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராதது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். 14416 என்ற போன் எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம். பாலை நிறுத்த வேண்டியிருக்குமோ என்று தயங்காதீர்கள். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்று விபரீதமாகப் பேசினாலோ காத்திருக்கவே கூடாது, அன்றே ஆஸ்பத்திரி.

கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. பாலில் சத்தெல்லாம் போய்விடுகிறதா? (குன்னூர்)

இல்லை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் பிடித்து வைத்திருந்த முடி அது, பால் கொடுக்காதவர்களுக்கும் கொட்டும். ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடும்.

கணவர் பக்கத்தில் வந்தாலே எரிச்சல், வலி. ஆசையே இல்லை. (ஊர் வேண்டாம்)

இதை எழுத உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பால் கொடுக்கும்போது ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்திருக்கும், அதனால் பிறப்புறுப்பு வறண்டுபோகிறது, வலிக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் அதே வறட்சிதான். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்பு ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், அதுவே பலருக்குப் போதும். தீராவிட்டால் மருத்துவர் களிம்பு எழுதித் தருவார். இது வெறுப்பு இல்லை என்பதை உங்கள் கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டியாவது சொல்லுங்கள்.

ஒன்றரை வயசுப் பிள்ளைக்குப் பாலை நிறுத்தப் போகிறேன். மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்கிறார்கள். நிஜமா? (கூடலூர்)

நிஜம்தான். 1988-ல் வேலூர் மருத்துவர்கள், பிரசவமான பெண்களிடம் பால் வற்றவைக்கும் மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூ கட்டியவர்களுக்கும் புரோலாக்டின் இறங்கியது, பாலும் குறைந்தது. ஆனாலும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும், ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் காரணமில்லாத அழுகையும் வரலாம். பகல் பாலில் ஒன்றை நிறுத்துங்கள், ஒரு வாரம் விட்டு இன்னொன்று. ராத்திரிப் பாலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் கம்பளிக்குள் அதைத்தான் பிள்ளை அதிகம் தேடும். மார்பில் சிவந்து சூடாக இருந்தால் பூவை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.