அக்கா சுஹைலி, தங்கை துரியா: மரப் பாய்ப்படகு பற்றிக் கேள்வி பதில்

அபிலாஷ் டோமி என்ற கடற்படை அதிகாரி 2018-இல் கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாளாக உலகைச் சுற்றப் புறப்பட்ட 'துரியா' என்ற பாய்மரப் படகைப் பற்றிப் போன வாரம் நான்கு வரி எழுதினேன். 32 அடி மரப் படகு. கட்டியது 2017-இல், கோவாவில். வடிவமோ 1920-களுக்கு உரியது. நான்கு வரிக்கு நாற்பது கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் யார் என்று கேட்டவர்களுக்கு: இருபது ஆண்டு வணிகக் கப்பலில் வேலை, அதன்பின் மேற்குக் கரையில் சிறு படகுப் பட்டறைகளில் மரவேலை. துரியாவில் நான் ஏறியதில்லை. அதன் குடும்பத்துப் படகுகளோடு பழக்கம் உண்டு.

மதுரை வாசகர்: 2017-இல் கட்டியதைப் பழங்காலப் படகு என்கிறீர்களே, அரண்மனை மாதிரி கட்டிய ஓட்டலை அரண்மனை என்று சொல்வது போல இல்லையா?

நல்ல குத்தல். நீங்கள் சொல்லும் ஓட்டல் வகைப் படகுகளும் உண்டு. மேலே பார்த்தால் 1930-களின் படகு: நீண்ட அணியம் (படகின் முன்பகுதி), வார்னிஷ் பளபளப்பு, பித்தளைச் சாமான்கள். தண்ணீருக்குக் கீழே குனிந்து பார்த்தால் மீன் துடுப்பு போன்ற ஒல்லியான கீல் (படகின் அடியில் நடுவே நீருக்குள் இறங்கும் பகுதி), தனியாகத் தொங்கும் சுக்கான், எல்லாம் இன்றைய பந்தயப் படகுச் சரக்கு. ஐரோப்பிய, அமெரிக்கப் பந்தயங்களில் இவற்றுக்கென்றே 'ஸ்பிரிட் ஆஃப் டிரடிஷன்' என்று தனிப் பிரிவு இருக்கிறது. அவற்றைக் குறை சொல்லவில்லை. வேகமாக ஓடும், பார்க்கவும் அழகு.

துரியா அந்த வகை அன்று. 'சுஹைலி' என்ற படகின் நகலாக அதைக் கட்டினார்கள். நீருக்கடியில் உள்ள உடம்பும் பழைய உடம்புதான். மேல்தளத்து அலங்காரம் துறைமுகத்தில் நிற்பவர்களுக்கு. கடலுக்குத் தெரிவது அடிப்பாகம் மட்டும்.

நாகர்கோவில் வாசகர்: சுஹைலியைக் கட்டியது பம்பாயில், வடிவம் நார்வே என்கிறார்கள். எப்படி?

நார்வேயில் கோலின் ஆர்ச்சர் (1832–1921) என்ற படகுச் சிற்பி இருந்தார். குளிர்காலப் புயலில் மீன்பிடிப் படகுகள் கரைக்கு ஓடிவரும்போது எதிர்த்திசையில் கடலுக்குள் போக வேண்டிய மீட்புப் படகுகளை அவர் வடிவமைத்தார். அவர் பெயரையே தாங்கிய முதல் மீட்புப் படகு 1893-இல் இறங்கியது. அமெரிக்கரான வில்லியம் அட்கின் 1920-களில் அந்த வடிவத்தை 32 அடிக்குச் சுருக்கி வரைந்தார். அந்த வரைபடத்தின் பெயர் 'எரிக்'.

1960-களின் தொடக்கத்தில் பம்பாயை மையமாக வைத்து ஓடிய ஆங்கிலேயக் கப்பல் அதிகாரி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், இங்கிலாந்துக்கு எழுதி வேறொரு படகின் வரைபடத்தைக் கேட்டார். வந்து சேர்ந்தது எரிக். திருப்பி அனுப்பி மறுபடி காத்திருக்க மனமில்லாமல் அதையே கட்டச் சொல்லிவிட்டார். கொலாபாவில் நம் நாட்டுத் தச்சர்கள் வாய்ச்சியும் வில் துறப்பணமும் வைத்துக்கொண்டு தேக்கில் கட்டினார்கள். அந்தப் படகில்தான் அவர் 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பி, எங்கும் கரை தொடாமல் 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே திரும்பினார். அதுதான் முதல் கோல்டன் குளோப் பந்தயம். போட்டிக்குக் கிளம்பியவர்கள் ஒன்பது பேர். முடித்தவர் அவர் ஒருவர். தனியாக, நில்லாமல் உலகைச் சுற்றிய முதல் மனிதரும் அவரே. கேட்டு வாங்கிய வரைபடமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கல்லூரி மாணவி, திருச்சி: துரியா என்றால் என்ன பொருள்?

நம் துரியம்தான். விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றையும் கடந்த நான்காம் நிலை. சைவ சித்தாந்தம் படித்த தாத்தா வீட்டில் இருந்தால் கேளுங்கள், ஒரு மணி நேரம் சொல்வார். சுஹைலி என்பது அரபு வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றின் பெயர்.

தூத்துக்குடி வாசகர்: அண்ணா, துரியா முன்னும் பின்னும் கூராக இருப்பது எதற்கு? எங்கள் ஊர்த் தோணி கட்டுகிறவர்களால் இதைக் கட்ட முடியாதா?

பின்னாலிருந்து துரத்தி வரும் அலை தட்டையான பின்புறத்தில் மோதினால் படகைத் தூக்கித் திருப்பிவிடும். கூரான பின்புறம் அதை இரண்டாகக் கிழித்து அனுப்பும் என்பது நெடுநாள் நம்பிக்கை. என் கணக்கில் பாதி உண்மை, பாதி பக்தி. கூராக்கினால் பின்பக்கத்து மிதப்பு குறைகிறது, உள்ளே இடமும் போகிறது. இந்தப் படகுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கூர் பின்புறம் அன்று. அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் நீளக் கீல்தான். சுஹைலியின் தானியங்கிச் சுக்கான் கருவி பாதி வழியில் உடைந்துபோனது. அதற்குப் பிறகு நாக்ஸ்-ஜான்ஸ்டன் பாய்களை மட்டும் சரிபார்த்துக் கட்டிவிட்டு உறங்கப் போனார். படகு தானாகவே திசை பிடித்தது. ஒல்லிக் கீல் படகில் இதைச் செய்து பாருங்கள், பத்து நிமிடத்தில் எழுந்து வருவீர்கள். ஆனால் இதே நீளக் கீல் படகைத் துறைமுகத்தில் என்ஜின் போட்டுப் பின்னோக்கி நகர்த்தும்போது கெட்ட வார்த்தை வராதவர் சாமியார்.

தோணிக்காரர்களின் கைக்கு இது பெரிய வேலை இல்லை. வேறுபாடு ஒன்றுதான்: அவர்கள் பெரும்பாலும் கண்ணையும் மனக்கணக்கையும் நம்பிக் கட்டுகிறவர்கள். இங்கே வரைபடத்து எண்களை எடுத்து, பட்டறைத் தரையில் முழு அளவுக்குப் படகையே வரைய வேண்டும். மெல்லிய மரச் சட்டத்தை ஆணிகளுக்கிடையில் வளைத்துக் கோடு இழுப்போம். ஒரு புள்ளி மூன்று மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் சட்டம் அந்த இடத்தில் முண்டிக்கொண்டு நிற்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையோடு தலையை வைத்துப் பார்த்தால் தெரியும். அந்த முண்டைத் தரையில் விட்டுவிட்டால் பிறகு வெயில் படும்போதெல்லாம் படகின் விலாவில் அது உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

கோவை வாசகர்: பழைய மரப் படகுக்கும் இன்றைய மரப் படகுக்கும் கட்டுமானத்தில் என்ன மாற்றம்?

எல்லாமே மாறிவிட்டது. பழைய முறையில் அடிமரத்தின் மேல் விலாக்களை நிறுத்தி (நம் கரையில் அடிமரத்தை ஏரா என்றும் விலாவை வங்கு என்றும் சொல்வார்கள்) அவற்றின் மேல் பலகைகளை ஒன்றையொன்று ஒட்டி அறைந்து, இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணிப்பார்கள். கலப்பற்று என்பது இந்த வேலைதான். மழுங்கல் உளியைத் திரியின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். முதலில் மொத்தென்று சத்தம் வரும். திரி இறுகியதும் கணீரென்று மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டு அடுத்த சாணுக்கு நகர வேண்டும். குறைவாகத் தட்டினால் ஒழுகும், அதிகம் தட்டினால் திரி மறுபக்கம் பிதுங்கும். தண்ணீரில் இறக்கிய அன்று படகு ஒழுகத்தான் செய்யும். மரம் ஊறிப் பருத்தபின் இடுக்கை அதுவே அடைத்துக்கொள்ளும்.

ஆனால் கடலில் பலகைகள் அசைந்துகொண்டே இருக்கும். சுஹைலியில் அடிமரத்தை ஒட்டிய இடுக்கு அட்லாண்டிக்கில் வாய் பிளந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் நடுக்கடலில் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கான்வாஸ் பட்டையைச் செப்பாணியால் அறைந்து, மேலே செப்புத் தகடும் போர்த்தினார். நடுவில் ஒரு சுறா வந்து வட்டமிட, மேலே ஏறி அதைச் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார்.

இன்றைய முறையில் இரண்டு விரல் அகலச் சட்டங்களை அச்சுகளின் மேல் வளைத்து, விளிம்போடு விளிம்பு எபாக்சியால் (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பசை) ஒட்டி, உள்ளும் புறமும் கண்ணாடியிழைத் துணி போர்த்துகிறோம். சில பட்டறைகளில் மெல்லிய மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு அடுக்கு ஒட்டுவார்கள். காய்ந்தபின் இடுக்கு என்ற ஒன்றே இல்லை. தேங்காய்ச் சிரட்டை மாதிரி ஒரே ஓடு. அதே வலுவுக்கு எடையும் குறைவு. துரியா ஓடிய பந்தயத்தின் விதிகள் வடிவத்தைத்தான் கட்டிப்போட்டன. கட்டும் முறையில் இக்காலத்துக்கு இடம் கொடுத்தன.

எபாக்சிக்கு நம் வெயில் ஆகாது. மே மாதத்தில் ஒரு நாள் சோம்பல்பட்டு ஒரு லிட்டர் டப்பாவில் மொத்தமாகக் கலந்து வைத்தேன். பக்கத்துச் சட்டத்தை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் டப்பா புகைந்து, நெளிந்து, கல்லாகிவிட்டது. தட்டையான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வைத்தால் சூடு பரவிப்போகும், நேரம் கிடைக்கும். விடியற்காலை நாலு மணிக்கு வேலையைத் தொடங்குவது இன்னும் நல்லது.

சென்னை வாசகர்: ஐயா, துரியா புயலில் கவிழ்ந்துதானே போனது? மரம் என்பதால்தானே?

கவிழ்ந்தது உண்மை. காரணம் மரம் அன்று. 2018 செப்டம்பர் 21, தென் இந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சுமார் 1,900 கடல்மைல். காற்று 70 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்), அலை 14 மீட்டர். உங்கள் படகின் முழு நீளமே பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதை நினைத்துக்கொண்டு அந்த 14-ஐப் படியுங்கள். படகு உருண்டது, பாய்மரங்கள் முறிந்தன, டோமியின் முதுகெலும்பு அடிபட்டது. எழுந்திருக்க முடியாமல் அவர் உள்ளே படுத்துக் கிடந்தார். 24-ஆம் தேதி ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் வந்து அவரை எடுத்தது. அத்தனை நாளும் அவரை மிதக்க வைத்திருந்தது அந்த மர ஓடுதான். முறிந்தது மரக்கலம் அன்று, பாய்மரம்.

அதே புயலில் அயர்லாந்தின் கிரெகோர் மெக்கக்கினுடைய படகும் பாய்மரங்களை இழந்தது. அது கண்ணாடியிழைப் படகு. டிசம்பரில் சூசி குடாலின் கண்ணாடியிழைப் படகு தலைகுப்புறக் குட்டிக்கரணம் அடித்தது. அந்தப் பந்தயத்தை முடித்தவர்கள் ஐந்தே பேர்.

குறை சொல்லியே ஆக வேண்டும் என்றால் வடிவத்தைச் சொல்லுங்கள். இத்தகைய படகு புயலை விட்டு ஓடித் தப்ப முடியாது. நீர்மட்டத்தில் சுஹைலியின் நீளம் 28 அடி. அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் ஏழு நாட். கனமான உடம்புக்கு உச்ச வேகம் அவ்வளவுதான். உலகைச் சுற்றிய 312 நாளில் சராசரி நான்கு நாட்டுக்குப் பக்கம், வேகமாக நடக்கும் ஆளின் நடை. வானிலை அறிக்கையைப் பார்த்து இன்றைய பந்தயப் படகு விலகிப் போகும். இது அங்கேயே இருந்து வாங்கிக்கொள்ளும். பழைய வரைபடத்தை நகலெடுத்தால் அதன் பொறுமையோடு அதன் மந்தமும் சேர்ந்தே வரும். புதுப் பசை போட்டு இதை மாற்ற முடியாது.

பெங்களூர் வாசகர்: அப்படியானால் டோமி மறுபடி மரப் படகில் போனாரா?

இல்லை. 2022 பந்தயத்துக்கு ரஸ்ட்லர் 36 என்ற கண்ணாடியிழைப் படகை எடுத்துக்கொண்டு, முதுகில் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். அவருடைய கேப் ஜார்ஜ் 36 படகின் வடிவம் எதிலிருந்து வந்தது தெரியுமா? எரிக்கை வரைந்த அதே வில்லியம் அட்கினின் இன்னொரு வரைபடத்திலிருந்து. மரம் போய்விட்டது, கிழவரின் கோடு நிற்கிறது.

புதுச்சேரி வாசகர்: எனக்கும் ஒன்று கட்ட ஆசை. எவ்வளவு ஆகும், எங்கே தொடங்குவது?

32 அடிக்கு ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் மர விலையைக் கேட்கிறார்கள். படகின் ஓடு மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் அதிகம். பாய், பாய்மரம், கம்பி, கயிறு இழுக்கும் வின்ச், என்ஜின், நங்கூரம் என்று மீதிப் பணம் கடைக்குப் போகும். முதலில் எட்டடி ஒட்டுப்பலகைப் படகு ஒன்று கட்டுங்கள். கடல் தர ஒட்டுப்பலகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு துண்டை வெட்டி ஒரு மணி நேரம் வெந்நீரில் கொதிக்க விடுங்கள், அடுக்கு பிரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடலூர் வாசகர்: எபாக்சி போட்டால் மரம் மக்கவே மக்காது என்கிறார்களே?

உள்ளே தண்ணீர் போகாதவரை. அதுவும் உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரத்துக்கு எமன். என்னிடம் பழுதுக்கு வந்த ஒரு படகில் யாரோ கயிறு கட்டும் கொண்டியை மேல்தளத்தில் நான்கு திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். துளைக்குள் எபாக்சி பூசவில்லை. மூன்று பருவமழை. மேலே வார்னிஷ் கண்ணாடி மாதிரி மின்னியது. கொண்டியைக் கழற்றிவிட்டுத் திருப்புளியால் அழுத்தினேன். பிடிவரை இறங்கிவிட்டது, பழைய கேக்கில் இறங்குவது போல. பழைய முறைப் படகாக இருந்தால் ஒரு பலகையை மட்டும் மாற்றியிருக்கலாம். இது ஒரே ஓடு என்பதால் தளத்தில் இரண்டடிக்கு மூன்றடி வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவில் மறுபடி துளையிட்டுத் திருகாணி போடுங்கள். ஆணிக்குக் கால் மணி நேரம் கூடுதலாகும்.