வயிறு சொல்வது பொய்யா?

அன்புள்ள ஐயா,

தினமும் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். ஆறு மாதமாக, கிளம்பும்போதே வயிறு கலக்குகிறது. பல நாள் சேரன்மகாதேவியில் இறங்கி கழிப்பறை தேடி ஓடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூக்குமுட்டச் சொதிச்சோறு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்வதில்லை. ரத்தம், ஸ்கோப் எல்லாம் நார்மல். வீட்டில் 'வேலைக்குப் போகச் சோம்பல்' என்கிறார்கள். என் வயிறு பொய் சொல்கிறதா?

சு.

அன்புள்ள சு.,

இல்லை. ஸ்கோப்பில் புண், கட்டி தெரியும். குடல் எப்படித் துடிக்கிறது, வலியை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பதெல்லாம் அதில் தெரியாது.

குடல் சுவருக்குள் மட்டும் பத்து கோடிக்கு மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன. பயம் வந்தால் மூளை இரைப்பையை மெதுவாக்கி, பெருங்குடலை விரட்டுகிறது. காலை இட்லி நெஞ்சிலேயே நிற்க, கீழே அவசரம். மறுநாள் அந்த அவசரத்தை நினைத்தே பயம். இப்போது உங்களைக் கலக்குவது ஆபீஸா, சேரன்மகாதேவிக் கழிப்பறையா?

பாளையங்கோட்டையில் பரீட்சை எழுதிய நாட்களில் எனக்கும் இதே கதைதான். வண்ணார்பேட்டை வருவதற்குள் கையிலிருக்கும் ஹால் டிக்கெட் வேர்வையில் நமுத்து, மை கலங்கியிருக்கும்.

1822-ல் குண்டடிபட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் வயிற்றில் விழுந்த ஓட்டை கடைசிவரை மூடவில்லை. அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் அதன் வழியே வருஷக்கணக்கில் எட்டிப்பார்த்தார். கோபமோ பயமோ வந்தால் இரைப்பையின் உள்சுவர் நிறம் மாறுவதை 1833-ல் செரிமானம் பற்றிய தன் புத்தகத்திலேயே எழுதினார். நம்மூர் ஆச்சிகளுக்கு ஓட்டையெல்லாம் தேவைப்படவில்லை. 'வயித்துல புளியக் கரைக்குதுலா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பி ஓடவைத்தாலோ மறுபடி டாக்டரைப் பாருங்கள். அதெல்லாம் டென்ஷன் கணக்கில் வராது. மற்றபடி வெறும் வயிற்றில் காபியை விடுங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் அசைவது இயல்பு. அரைமணி முன்னதாகச் சாப்பிட்டு, அந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம். பதற்றம் அடங்காவிட்டால் மனநல மருத்துவரிடம் போங்கள். மனச்சோர்வு மாத்திரையைச் சின்ன அளவில் எழுதினால் மிரளாதீர்கள், குடல் வலிக்கும் அதைக் கொடுப்பதுண்டு.

அப்புறம், ஒரு வாரம் பஸ்ஸை விட்டுவிட்டு செங்கோட்டை பாசஞ்சரில் போய்ப் பாருங்கள். பெட்டியிலேயே கழிப்பறை இருக்கிறது. அந்தப் பக்கம் போகவே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.