கோடு தாண்டாத கோடாலி

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். வங்கித் தேர்வுக்காக ஆங்கிலத் தலையங்கங்கள் படிக்கிறேன். ஒரு கட்சி தன் பழைய கொள்கைக்கு ‘ஹியூஸ் டு’ என்று ஒரு வாக்கியம் வந்தது. அகராதியில் ‘ஹியூ’ என்றால் கோடாலியால் வெட்டுதல் என்றிருக்கிறது. அப்படியானால் கட்சி அந்தக் கொள்கையை வெட்டிவிட்டதா? ஆனால் தலையங்கமோ அந்தக் கட்சி மாறவே மாட்டேன் என்கிறது என்று குறைப்படுகிறது. எங்கள் ஊரில் வெட்டு ஒன்று, துண்டு ரெண்டு. இதென்ன வெட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

அன்புள்ள நண்பருக்கு,

தலையங்கத்தைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். கட்சி கொள்கையை விடவில்லை. சங்கதி அந்த ‘டு’வில் இருக்கிறது.

விறகு வெட்டுவதை விட்டுவிட்டு, உத்திரம் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மரம் அறுக்கும் மில்கள் பரவாத காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்கத் தச்சர்கள் உருண்டை மரத்தைப் பெரும்பாலும் கோடாலியால்தான் சதுரமாக்கினார்கள். மரத்தைக் கிடத்தி, சுண்ணப்பொடி பூசிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டால் நீளத்துக்கும் கோடு விழும். நம் ஆசாரிகளும் அப்படித்தானே நூல் பிடிக்கிறார்கள். பிறகு சாதாரணக் கோடாலியால் அந்தக் கோட்டின் ஆழம் வரைக்கும் இடைவெளி விட்டு வரிசையாகக் கொத்துவார்கள். நடுவில் நிற்கும் மரம் பத்தை பத்தையாகப் பெயர்ந்துவிடும். அப்புறம் அகன்ற வாயுள்ள இன்னொரு கோடாலி. அதில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும்தான் சரிவாகத் தீட்டியிருக்கும். தட்டைப் பக்கம் மரத்தோடு ஒட்டி இறங்குவதால் வெட்டிய முகம் சமமாக வரும். கை மரத்தில் இடிக்காமலிருக்கப் பிடியைச் சற்று வெளியே வளைத்திருப்பார்கள். விரல் முட்டி பெயர்ந்த எவனோதான் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்!

கோட்டுக்கு முன்னாலேயே நின்றால் மேடு தட்டும். தாண்டினால் உத்திரம் வீண். கோடு வரை வெட்டு, அதைத் தாண்டாதே என்பதுதான் ‘ஹியூ டு த லைன்’. சிராய் எங்கே விழுந்தால் உனக்கென்ன என்று அதற்கு ஒரு வாலும் உண்டு. 1880இல் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், முன்னாள் அதிபர் கிராண்டை அதிபர் வேட்பாளராக முன்மொழிந்து செனட்டர் ராஸ்கோ கான்க்லிங் பேசிய பேச்சில் இது வருகிறது. அரசியல்வாதிகளுக்குப் பிடிக்காமல் போகுமா? நாளடைவில் நூலும் கோடும் உதிர்ந்து, ‘ஹியூ டு’ என்றாலே வழுவாமல் நிற்பது என்றாகிவிட்டது.

‘டு’ இல்லாத ‘ஹியூ’ வெறும் வெட்டுதான். விறகுக்கும் வரும், கல்லுக்கும் வரும். மதுரை ஒத்தக்கடைப் பக்கம் யானைமலையில், பாண்டிய அமைச்சர் மாறன் காரி 770இல் பாறையைக் குடைந்து எடுத்த நரசிங்கப் பெருமாள் கோயிலைச் சொல்லவும் இதே வினை பொருந்தும். அங்கே கருவி உளி, அவ்வளவுதான்.

தேர்வில் ‘ஹியூ டு’ வந்தால் ‘அட்ஹியர்’, அதாவது விடாமல் பற்றி நிற்பது, என்ற விடையைத் தேர்ந்தெடுங்கள். ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தில் முடியும் ‘ஹியூ’ வேறு, அது நிறம். இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்துக் குழப்பப் பார்ப்பார்கள்.