பன்னிரண்டு வருடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் மாநகராட்சியில் பன்னிரண்டு வருடமாக சுய உதவிக் குழு மூலம் தூய்மைப் பணி செய்கிறேன். அடுத்த மாதம் எங்கள் மண்டலம் ஒப்பந்த நிறுவனத்துக்குப் போகிறதாம். ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடாவிட்டால் வேலை இல்லையாம். என்ன செய்வது ஐயா?
- ஒரு வாசகி

பதில்: அம்மா, அந்தப் படிவத்தில் 'பணியில் சேர்ந்த தேதி' என்ற இடத்தை முதலில் பாருங்கள். அடுத்த மாதத் தேதி இருந்தால், உங்கள் பன்னிரண்டு வருடம் காகிதத்தில் இல்லாமல் போய்விடும்.

31 வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். விடியற்காலையில் மஸ்டர் (வருகைக் கணக்கு) எடுத்தவன். ஒப்பந்தம் கைமாறிய ஓர் ஊரில் பழைய வருகைப் பதிவேடுகள் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போனதைப் பார்த்தேன். தடுக்காமல் நின்றது இன்னும் உறுத்துகிறது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 5, 6-வது மண்டலத் தூய்மைப் பணிப் பெண்கள் 13 நாள் போராட்டத்தில் உட்கார்ந்தது இப்படித் தனியாருக்குக் கைமாற்றியதை எதிர்த்துத்தான். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிய வேலையைக் குறைந்த சம்பளத்துக்குப் புதிதாகத் தொடங்கச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்?

நீதிமன்றம் போனால் தற்காலிகப் பணியாளர்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2006-ல் தந்த உமாதேவி தீர்ப்பைக் காட்டி, 'நிரந்தரம் கேட்க முடியாது' என்பார்கள். பயப்படாதீர்கள். காசியாபாத் மாநகராட்சியில் 1998 முதல் வேலை பார்த்த தோட்டக்காரர்களை 2005-ல் நிறுத்தினார்கள். அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்று மாநகராட்சி வாதிட்டது, ஆனால் ஆதாரம் காட்ட முடியவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குத் திரும்ப வேலையும், வேலை இல்லாமல் இருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளமும் கொடுக்கச் சொன்னது. இருபது வருடம் காத்திருந்தார்கள், பாவம்.

அதனால் சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக், குழுவின் தீர்மான நோட்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்திருந்தால் அதே யு.ஏ.என். எண்தான் புது நிறுவனத்திலும் தொடர வேண்டும். பத்து வருடம் பணம் கட்டியிருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்றால், 'என் முந்தைய பணிக்கால உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை' என்று மேலே எழுதிப் போடுங்கள். அப்புறம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவேடு அழிவதற்குள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் வருகைப் பதிவின் நகலைக் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தரவேண்டும். எழுத ஆள் இல்லையென்றால் உங்கள் வார்டு எண்ணையும் சேர்ந்த வருடத்தையும் எனக்கு அனுப்புங்கள். மனுவை நானே எழுதித் தருகிறேன்.